முப்பத்து மூன்று மீட்டர்

பிப்ரவரி 2, வெள்ளி

இரண்டாம் திருப்புதல் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கிறது. இன்று ‘இயக்க விதிகள்’ பாடத்தை முடித்துவிடுவதாக அட்டவணை போட்டிருந்தேன். முடியவில்லை. அப்பா ஓட்டும் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் கீழே விழுந்துவிட்டார்.

வரிசையாக எழுதினால்தான் எனக்குக் குழம்பாது. காலை எட்டேகால் மணிக்குக் காளியூர் பிரிவு நிறுத்தத்துக்கு முன்னால் அப்பா பிரேக் போட்டிருக்கிறார். அங்கே இறங்க வேண்டிய சுலோச்சனா என்ற அக்கா, பனியன் கம்பெனியில் வேலை செய்பவர், முன்படிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றிருக்கிறார். அப்படியே முன்னால் எறியப்பட்டு, படி வழியாகச் சாலையில் விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை.

அப்பா மதியம் காக்கிச் சட்டையோடு வந்து, கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தார். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“வெள்ளியங்கிரி திடீர்னு ஒத்த விசில் அடிச்சுப்போட்டான். நான் நாப்பதுலதான் வந்தேன். லோடு ஜாஸ்தி, வண்டி நிக்கல” என்றார் அப்பா.

வெள்ளியங்கிரி மாமா அந்த பஸ்ஸின் கண்டக்டர். ஒற்றை விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரட்டை விசில் அடித்தால் கிளம்ப வேண்டும். பதினோரு வருடமாக இருவரும் ஒரே வண்டி, ஒரே டிபன் கேரியர். உறவில்லை, ஆனால் எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர் அவர்தான்.

பஸ் நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும், அதற்கு நிலைமம் என்று பெயர் என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

“அந்தப் புள்ளைகிட்ட போய்ச் சொல்லு, எலும்பு கூடிக்கும். எந்திரிச்சு அரிசியக் கழுவு” என்றாள்.

பிப்ரவரி 3, சனி

பஸ் முதலாளி வீட்டுக்கு வந்தார். போலீஸ் வழக்கு தனியாம். அதைவிட முக்கியம் 19ஆம் தேதி ஆர்டிஓ ஆபீஸில் நடக்கும் விசாரணை என்றார். யார் தப்பு என்று அங்கே முடிவாகிறதோ அவருடைய லைசென்ஸ் போகும். அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு விளக்கக் கடிதம் எழுதிக் கொண்டு போக வேண்டும்.

நல்ல டிரைவர் கிடைப்பது கஷ்டம், கண்டக்டர் என்றால் நாளைக்கே நாலு பேர் வந்து நிற்பார்கள் என்று அவர் சொன்னார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் கிளம்பும்போதே ஆறு நிமிடம் தாமதம், அதை எங்கேயும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் தனியார் பஸ்கள் நிமிடக் கணக்கில்தான் ஓடும். ஆறு நிமிடம் தாமதமானால் பின்னால் வரும் வண்டி நம் நிறுத்தத்து ஆட்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதை ஏன் எழுதக் கூடாது என்று தெரியவில்லை.

ஒரு யோசனை வந்தது. நாற்பதில் வந்தும் வண்டி நிற்காததற்குக் காரணம் கூட்டம்தான் என்று அப்பா சொல்கிறார். எழுபது பேர் ஏறியிருந்தால் வண்டியின் நிறை அதிகம், அதை நிறுத்த அதிக விசை வேண்டும். அதனால் அதிக தூரம் வழுக்கியிருக்கும். இதைக் கணக்காகவே போட்டுக் கொடுத்தால் யாரும் மறுக்க முடியாது. அப்பா மேலும் தப்பில்லை, மாமா மேலும் தப்பில்லை, கூட்டம்தான் காரணம் என்று ஆகிவிடும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

காலை ஆறரைக்கு நானும் எதிர்வீட்டு சுபிக்ஷாவும் சைக்கிளில் காளியூர் பிரிவுக்குப் போனோம். டயர் தடம் இன்னும் இருக்கிறது, கறுப்பாக, இரண்டு கோடு. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துப் போயிருந்தேன். அது ஒன்றரை மீட்டர்தான். ஒரு முனையைச் சுபிக்ஷா பிடிக்க, நான் சாக்பீஸால் அடையாளம் வைத்து அடையாளம் வைத்து, இருபத்திரண்டு தரம் அளந்தேன். முப்பத்து மூன்று மீட்டர்.

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரோட்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். சுபிக்ஷா அங்கேயே டேப்பைக் கீழே போட்டுவிட்டாள். இனிமேல் உன்னோடு எங்கேயும் வர மாட்டேன் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 5, திங்கள்

வகுப்பில் நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் ‘கிரீச்’ என்று கத்திக்கொண்டு ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். அவர்கள் செய்தது தவறு. பெஞ்சு நகரவே இல்லை, நகராத பெஞ்சு நிற்பதால் யாரும் முன்னால் சாய முடியாது. இதைச் சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அறிவியல் எடுக்கும் பெனிட்டா மிஸ்ஸிடம் ஆய்வகத்துச் சுருள்வில் தராசைக் கேட்டு வாங்கினேன். எதற்கென்று கேட்டார். செய்முறைப் பயிற்சிக்கு என்றேன். அது பொய் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

பஞ்சர் கடையில் பழைய பஸ் டயர் துண்டு ஒன்று கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள். அதன்மேல் செங்கல் துண்டு வைத்துக் கட்டி, மளிகைக் கடையில் எடை போட்டுச் சரியாக இரண்டு கிலோ ஆக்கினேன். பள்ளி விட்டதும் தார்ச் சாலையில் வைத்துத் தராசால் ஒரே சீராக இழுத்தேன். முள் 12 நியூட்டனில் நின்றது. ஐந்து தரம் இழுத்தும் அதேதான். இரண்டு கிலோவின் எடை 20 நியூட்டன். ஆக, உராய்வுக் குணகம் 0.6.

இன்னொரு இரண்டு கிலோ ஏற்றி இழுத்தேன். 24. பளு இரண்டு மடங்கு, உராய்வும் இரண்டு மடங்கு. அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

பிப்ரவரி 7, புதன்

எரிச்சலாக வருகிறது.

வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு விசை. அது குணகம் பெருக்கல் நிறை பெருக்கல் ஈர்ப்பு முடுக்கம். இரண்டாம் விதிப்படி விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். இரண்டையும் சமமாக எழுதினால் அந்தப் பக்கமும் நிறை, இந்தப் பக்கமும் நிறை. அடித்துவிடலாம். அடித்தே ஆக வேண்டும். பஸ்ஸில் எழுபது பேர் இருந்தாலும் ஒருவருமே இல்லாவிட்டாலும் சக்கரம் பூட்டிக்கொண்டபின் வழுக்கும் தூரம் ஒன்றுதான். எழுபது பேரையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டேன்.

மீதி இருப்பது இதுதான். குணகம் 0.6-ஐ ஈர்ப்பு முடுக்கம் 10-ஆல் பெருக்கினால் எதிர் முடுக்கம் 6. தூரம் 33. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 396. அதன் வர்க்கமூலம் 19.9, நொடிக்கு அத்தனை மீட்டர் வேகம். மணிக்கு 71.6 கிலோமீட்டர்.

எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

தப்பைத் தேடினேன்.

தையல் டேப் பழையது, இழுபட்டிருக்கலாம். இரண்டு மீட்டர் குறைத்துப் போட்டேன். 69.4. குணகத்தை 0.5 ஆக்கினேன். 65.4. சாலை சற்றே இறக்கமாக இருக்கிறதோ என்று மாலையில் மறுபடியும் சைக்கிளில் போய், தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துப் பார்த்தேன். உருளவில்லை. பின்னோக்கி வந்தும் போட்டேன். நாற்பது என்ற விடை வர வேண்டுமானால் குணகம் 0.19 ஆக இருக்க வேண்டும். காளியூர் பிரிவில் யாராவது விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருந்தால்தான் உண்டு.

அம்மா நான்கு நாளாக டேப்பைத் தேடிக்கொண்டிருந்தாளாம். என் பையில் தார் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துத் திட்டினாள். எவளுடைய ஜாக்கெட்டையாவது இந்தத் தாரோடு அளக்க முடியுமா என்று கேட்டாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

எண்களை மட்டும் எழுதி, பயிற்சிக் கணக்கு என்று பெனிட்டா மிஸ்ஸிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் ‘சரி’ போட்டார். விடை சரியாக வந்தும் ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். தேர்வுப் பயம் என்றேன்.

சரி போட்டதுதான் பிரச்சினை.

பிப்ரவரி 11, ஞாயிறு

எங்கள் தெருவில் மனு, விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம் எதுவானாலும் நான்தான் எழுதுவேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே எழுதுகிறேன். அதனால் அப்பாவின் விளக்கக் கடிதத்தையும் நான் எழுதுவதில் புதிதாக ஒன்றுமில்லை.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். நடத்துநர் முன்னறிவிப்பின்றித் திடீரென்று ஒற்றை விசில் அடித்ததால் என்ற வரி வந்தது. எழுதினேன். அடுத்து வேகம். கொஞ்ச நேரம் பேனா அங்கேயே நின்றது.

“நாப்பதுன்னு போடு” என்றார் அப்பா.

“நாப்பது வருங்களாப்பா?”

“வருமான்னு என்ன கேக்கறே? ஓட்டுனது நீயா நானா?”

போட்டேன். எழுத்திலும் எண்ணிலும் போட்டேன். அப்படித்தான் போட வேண்டும்.

பிப்ரவரி 12, திங்கள்

தமிழ்த் தேர்வு. கடிதம் எழுதும் கேள்வி வந்தது. நேரமில்லாததால் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஆங்கிலம். பரவாயில்லை. தேர்வு முடிந்தும் அரை மணி நேரம் இருந்தது. பின்பக்கத்தில் அந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்து அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

வெள்ளியங்கிரி மாமா வந்தார். அப்பா கடைக்குப் போயிருந்த நேரம். தெரிந்துதான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். முதலாளி அப்பாவை மட்டும் வேறு வண்டியில் போட்டிருக்கிறார், மாமாவுக்குப் பன்னிரண்டு நாளாக வேலையில்லை; சட்டைப் பையில் டிக்கெட் கட்டு இல்லாமல் அவரைப் பார்க்கவே வேறு யாரோ மாதிரி இருந்தது. கையில் ஒரு முழு நீள வெள்ளைத்தாள்.

“எனக்கும் ஒன்னு எழுதிக் குடு கண்ணு. நான் எழுதுனா எனக்கே வாசிக்க வராது” என்றார்.

அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தையல் மிஷின் ஓடவில்லை.

அவர் சொன்னது மூன்றே வரி. அன்று தான் பின்படிக்கட்டில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்ததாகவும், ஒற்றை விசிலோ இரட்டை விசிலோ எதுவும் அடிக்கவில்லை என்றும். எழுதி முடித்துவிட்டு, வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாஞ் சாமி. உன்ற அப்பன் வேகத்தப் பத்தி ஒரு எழுத்துக்கூட இருக்கக் கூடாது. நான் விசில் அடிக்கல, அவ்வளவுதான். அவன் என்ன எழுதுனான்னும் எனக்குச் சொல்லாத.”

கையெழுத்துப் போட்டு, தாளை நான்காக மடித்து வாங்கிக்கொண்டு போனார். ஒரே மேசையில், ஒரே பேனாவில், இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் நின்றுகொண்டும் ஓடிக்கொண்டும் இருக்க முடியாதது போல. இதைக் கண்டுபிடிக்க எந்தச் சூத்திரமும் வேண்டாம்.

பிப்ரவரி 15, வியாழன்

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன்.

கெட்டிக்காரத்தனமாகத்தான் ஆரம்பித்தேன். இது பாடக் கணக்கு, சும்மா பாருங்கள் என்றேன். டேப், டயர் துண்டு, தராசு எல்லாவற்றையும் சொன்னேன். நிறை ஏன் அடிபட்டுப் போகிறது என்றும் சொன்னேன். அந்த இடத்தில்தான் அவர் நிமிர்ந்தார்.

“யாரு அளக்கச் சொன்னா உன்ன?”

யாரும் சொல்லவில்லை என்றேன்.

“நடு ரோட்டுல நின்னு, உங்கப்பன் இத்தன வேகம் வந்தான்னு ஊருக்கெல்லாம் அளந்து காட்டினியா? லைசென்ஸ் போச்சுன்னா உன்ற நியூட்டன் வந்து வண்டி ஓட்டுவானா?”

மாமா விசில் அடித்தாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நோட்டை வீசினார். சுவரில் பட்டு அட்டை கிழிந்தது. அம்மா வந்து பொறுக்கி எடுத்து அலமாரியில் வைத்தாள். அப்பா சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

எனக்குக் கோபம் அவர் மேலா, நோட்டின் மேலா தெரியவில்லை. நாளை அறிவியல் தேர்வு. ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

அறிவியல் தேர்வு. நியூட்டனின் இரண்டாம் விதியைக் கூறி நிரூபி. ஏழு மதிப்பெண். எல்லாம் எழுதினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அப்பா என்னோடு பேசவில்லை. காக்கிச் சட்டையை அவரே தேய்த்துக்கொண்டார். என் கடிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கசங்காமல் இருக்கத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார்.

நோட்டை அலமாரியில் வைத்த இடத்தில் காணவில்லை. அம்மாவைக் கேட்டேன். எனக்கென்ன தெரியும் என்றாள். பழைய பேப்பரோடு போட்டுவிட்டாளோ என்று பேப்பர் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்த்தேன். இல்லை. எல்லாக் கணக்கும் அதில்தான் இருக்கிறது, கணிதத் தேர்வுக்குப் போட்டவையும் சேர்த்து. இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மாலையில் அப்பா நேராகக் குளிக்கப் போய்விட்டார். கூடவே வந்த வெள்ளியங்கிரி மாமா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எங்களிடம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

அதிகாரி இரண்டு கடிதத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஒருவர் விசில் அடித்தார் என்கிறார், மற்றவர் அடிக்கவில்லை என்கிறார், எழுதியது மட்டும் ஒரே ஆளா, நீங்கள் இருவரும் என்னை வைத்து விளையாடுகிறீர்களா என்று கத்தியிருக்கிறார். யார் எழுதியது என்று கேட்டதற்கு அப்பா, “என்ற பொண்ணுங்க” என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்து ஒன்றாக இருக்கும் என்பது எனக்கோ அப்பாவுக்கோ மாமாவுக்கோ தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் எல்லாக் காகிதமும் என் கையெழுத்தில்தான் இருக்கும்.

அதிகாரி இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பெஞ்சில் தனித்தனியாக உட்கார்ந்து அவரவர் கையால் எழுதச் சொல்லியிருக்கிறார். மாமா ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அப்பா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவர் கையெழுத்தைத் தவிர எதையும் எழுதியதில்லை.

“அஞ்சே வரிதான் கண்ணு. ஆபீசர் சத்தமாப் படிச்சாரு. விசில் அடிக்கலைன்னு எழுதியிருந்தான். லேட்டாயிருச்சு, பின்வண்டி கண்ணாடில தெரிஞ்சுது, ஸ்டாப்புல ஆளுக நின்னாங்க, அவன் ஏத்தறதுக்குள்ள ஏத்திப்போடலாம்னு கடைசில பிரேக் போட்டேன்னு எழுதியிருந்தான்” என்றார் மாமா. “வேகம் எண்பதுன்னு எழுதியிருந்தான்.”

அப்பாவின் லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு ரத்து. முதலாளி வேறு டிரைவர் போட்டுவிட்டார். மாமாவுக்கு நாளை மறுநாளிலிருந்து வேலை. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா உள்ளே வந்து சாப்பிடச் சொன்னாள். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எண்பது இல்லை. எழுபத்தொன்று புள்ளி ஆறு. இரண்டு வாரமாக அதைக் குறைக்கத்தான் பார்த்தேன், ஒரு தரம்கூட அது கூடுதலாக இருக்கும் என்று யோசிக்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

பள்ளி விட்டு வந்தபோது அப்பா லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பகலில் அவரை வீட்டில் பார்த்துப் பழக்கமில்லாததால் யாரோ விருந்தாளி வந்திருப்பது போல நடந்துகொண்டேன். புத்தகப் பையை ஓசைப்படாமல் வைத்தேன்.

அவர் கையில் என் நோட்டு இருந்தது. கிழிந்த அட்டையைப் பஞ்சர் ஒட்டும் பசையால் ஒட்டியிருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, முப்பத்து மூன்று என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது கோடு மட்டுந்தான அம்மிணி. கோடு விழுகறதுக்கு முன்னாடியே நான் பிரேக்குல கால் வெச்சுட்டேன். வீலு பூட்டிக்கிட்டப்பறந்தான் கோடு விழுகும்.”

கோடு விழுவதற்கு முன் எத்தனை மீட்டர் இருக்கும் என்று கேட்டேன். பத்துப் பதினைந்து இருக்கும் என்றார். அந்த இடத்தில் பிரேக் முழுதாகப் பிடித்திருக்காது, எதிர் முடுக்கம் 4 என்று வைத்துக்கொண்டு அங்கேயே பென்சிலால் போட்டேன். எண்பதிலிருந்து எழுபத்தொன்று புள்ளி ஆறுக்குக் குறைய பன்னிரண்டு மீட்டர். விடை பொருந்துகிறது. பொருந்துகிறது அப்பா என்றேன். எனக்கு அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் தலையாட்டினார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“அந்தப் புள்ள கம்பியப் புடிக்காம நின்னதையும் உள்கண்ணாடில பாத்தேன். பாத்துட்டுத்தான் பிரேக் போட்டேன். அத அங்க எழுதல.”

நானும் நோட்டில் எழுதவில்லை. இப்போது இங்கே எழுதுகிறேன்.